வேண்டாம் என்பதை யார் சொல்வது?

தண்டு மெலிந்து தொய்ந்து நிற்கும் பார்லியைக் கண்டால் பயிர்ப்பெருக்க அறிவியலாளருக்குப் பிடிக்காது. குறிப்பேட்டில் அந்தப் பாத்திக்கு நேரே மதிப்பெண் குறையும். நீரும் உரமும் தாராளமாகக் கிடைக்கும் நிலத்தில் அவர் செய்வது சரிதான். கதிர் கனத்துப் பயிர் சாய்ந்துவிட்டால் அறுவடை இயந்திரத்துக்கு எட்டாது. மழை வந்தால் மணி கிடந்த இடத்திலேயே முளைத்துவிடும். ஆனால் வட சிரியாவின் வறண்ட கிராமங்களில் அதே மெலிந்த தண்டுக்கு விவசாயிகள் கூடுதல் மதிப்பெண் போட்டார்கள். ஆண்டு முழுக்க 250 மில்லிமீட்டர் மழை பெய்தாலே பெரிது என்ற ஊரில், சாய்ந்து விழும் அளவுக்குப் பயிர் எங்கே வளரப்போகிறது? மென்மையான தாளை ஆடு விரும்பித் தின்னும். அவர்கள் கணக்கு அது.

இரண்டு தரப்புமே தவறில்லை. இரண்டு பேர் பார்த்த நிலமும் வேறு, அவ்வளவுதான். இந்த எளிய விஷயம் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலைமுறையையே திருப்பிப்போட்ட கதை, ஆராய்ச்சியாளரும் அந்த ஆராய்ச்சியை நம்பிப் பிழைப்பவரும் எந்த இடத்தில் சேர வேண்டும் என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான பதில்.

அலெப்போ நகருக்குத் தெற்கே தெல் ஹதியா என்ற இடத்தில் இக்கார்டா நிறுவனம் 1977இல் தொடங்கப்பட்டது. வறண்ட நிலங்களின் வேளாண்மைக்கென்றே அமைந்த பன்னாட்டு ஆய்வு மையம். பார்லி, பருப்பு வகைகள், கோதுமை ஆகியவை அதன் முக்கியப் பயிர்கள். அந்தப் பகுதியில் பார்லியை மனிதர் உண்பது குறைவு. அது அவாசி என்ற கொழுத்த வால் செம்மறிகளுக்கான தீவனம்: மணியும் தீவனம், தாளும் தீவனம். மழை பொய்த்த ஆண்டில் அறுக்க ஒன்றும் தேறாது என்று தெரிந்தால் விளையாத பயிரிலேயே ஆட்டை இறக்கி மேயவிட்டுவிடுவார்கள். விவசாயிகள் தலைமுறைகளாக விதைத்துவந்தவை இரண்டு நாட்டு ரகங்கள். மிக வறண்ட கிழக்குப் பகுதிகளில் கறுப்பு மணியுள்ள அரபி அஸ்வத், கொஞ்சம் மழை கூடுதலான இடங்களில் வெள்ளை மணியுள்ள அரபி அபியத். மேம்படுத்திய ரகங்கள் வந்தன. வறண்ட நிலத்து விவசாயி அவற்றைச் சீந்தவில்லை.

ஏன் சீந்தவில்லை என்பதற்கு ஆராய்ச்சி நிலையங்களில் எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்கும். விவசாயிக்குப் புதுமை பிடிக்காது, விதை போய்ச் சேரவில்லை, விரிவாக்கப் பணியாளர்கள் சரியாக எடுத்துச் சொல்லவில்லை. சரக்கில் குறை இருக்கலாம் என்பது கடைசியாகத்தான் தோன்றும். இத்தாலியிலிருந்து வந்து 1980இல் இக்கார்டாவில் சேர்ந்த சால்வத்தோரே செக்கரெல்லிக்கும், பின்னர் அவரோடு இணைந்த ஸ்தெஃபானியா கிராந்தோவுக்கும் அந்தக் கடைசி விஷயம் முன்னதாகவே தோன்றியது.

அதைப் புரிந்துகொள்ள, ஒரு புதிய ரகம் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு ரகங்களைக் கலந்தால் இரண்டாம் தலைமுறையில் ஒரு செடிபோல் இன்னொரு செடி இருக்காது. உயரம், கதிர் வரும் காலம், மணியின் பருமன் எல்லாம் சிதறிக் கிடக்கும். ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் கலப்புகள் செய்தால் ஆயிரக்கணக்கில் சந்ததிகள் வரும். அடுத்து வரும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நடப்பதெல்லாம் கழித்தல். இது குட்டை, தள்ளு. இது தாமதம், தள்ளு. இதற்குத் துரு நோய், தள்ளு. கடைசியில் மிஞ்சும் இரண்டு மூன்றைத்தான் வயல் விழா நடத்தி விவசாயிக்குக் காட்டுவார்கள். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் தன் பொன்விழாவை ஒட்டி 1979இல் தொடங்கிய திட்டத்தின் பெயரே ‘ஆய்வகத்திலிருந்து நிலத்துக்கு’. பாதை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமில்லை.

கலப்பு செய்வது பெரிய வித்தையல்ல. இடுக்கியும் பொறுமையும் இருந்தால் போதும். ரகம் எப்படி அமையும் என்பதைத் தீர்மானிப்பது கழிப்பவரின் கண். அந்தக் கண்ணுக்கு வேண்டாதது குப்பைக்குப் போன பிறகு விவசாயியை அழைத்து ‘எது பிடித்திருக்கிறது’ என்று கேட்பது, முகூர்த்தம் வரை எல்லாம் முடிவாகிவிட்ட பிறகு பெண்ணிடம் புடவையின் நிறத்தைக் கேட்பதுபோல. கேட்டதாகவும் இருக்கும், எதுவும் மாறாமலும் இருக்கும்.

செக்கரெல்லி முதலில் எதிர்கொண்டது சமூகக் கேள்வியை அல்ல, மரபியல் கேள்வியை. தெல் ஹதியாவில் ஆண்டுக்குச் சராசரி 340 மில்லிமீட்டர் மழை. நல்ல மண், உரம், களையெடுப்பு, பயிர்ச் சுழற்சி எல்லாம் உண்டு. பார்லி ஹெக்டேருக்கு மூன்று நான்கு டன் கொடுக்கும். அந்த நிறுவனத்தின் இன்னொரு சோதனை நிலையமான பிரேதா வறண்ட இடம். அங்கே மழை சுமார் 260 மில்லிமீட்டர். அதைவிட வறண்ட ஊர்களில் விவசாயிக்கு ஒரு டன்கூடத் தேறாத ஆண்டுகள் சாதாரணம். ஒரே தொகுதி ரகங்களை இரண்டு வகை இடங்களிலும் விதைத்து வரிசைப்படுத்தியபோது, நல்ல நிலத்தில் முதலிடம் பிடித்தவை வறண்ட நிலத்தில் பின்வரிசைக்குப் போயின. வறண்ட நிலத்தில் தாக்குப்பிடித்தவை நல்ல நிலத்தில் சோடைபோயின. எல்லா ரகங்களும் ஒரே அளவில் விளைச்சல் குறைந்திருந்தால் பிரச்சினையே இல்லை. நல்ல நிலத்தில் தேர்ந்தெடுத்தது வறண்ட நிலத்துக்கும் பொருந்தும். இங்கே வரிசையே தலைகீழானது. இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போவது போன்ற வரைபடம் கிடைத்தது. அந்த வெட்டுப்புள்ளிக்குக் கீழேதான் சிரியாவின் ஏழை விவசாயிகளின் வயல்கள் இருந்தன.

பிரிட்டிஷ் மரபியலாளர் டக்ளஸ் ஃபால்கனர் 1952இலேயே இதற்கான வாய்ப்பாட்டைச் சொல்லிவிட்டிருந்தார். நல்ல சூழலில் விளைச்சல், மோசமான சூழலில் விளைச்சல் ஆகியவற்றை ஒரே பண்பாகக் கருதாதீர்கள், இரண்டு தனித்தனிப் பண்புகளாகக் கருதுங்கள் என்பது அவருடைய வழி. அப்படிப் பார்த்தால், ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது மற்றொன்று எவ்வளவு உயரும் என்பது இரண்டுக்கும் இடையிலுள்ள மரபுத் தொடர்பின் வலுவைப் பொறுத்தது. தொடர்பு வலுவானால் ஒரு நிலையத்தில் செய்யும் தேர்வு எங்கும் செல்லும். தொடர்பு பூஜ்யத்துக்கு அருகில் போனால் நிலையத்தில் உழைத்த உழைப்பு வயலுக்குப் போய்ச்சேராது. தொடர்பு எதிர்த்திசையில் இருந்தால்? உழைக்க உழைக்க விவசாயிக்கு நஷ்டம்.

இதற்கு ஒரு கனமான மறுப்பு இருந்தது. வறண்ட வயலில் மண் இடத்துக்கு இடம் மாறும், ஓர் ஓரம் மேடு, ஓர் ஓரம் பள்ளம். அங்கே கிடைக்கும் விளைச்சல் வேறுபாட்டில் ரகத்தின் பங்கு எவ்வளவு, மண்ணின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். எனவே சீரான நிலையத்திலேயே தேர்ந்தெடுப்பது திறமையானது என்றார்கள். செக்கரெல்லியின் பதில்: சீரான இடத்தில் நீங்கள் துல்லியமாகத் தேர்ந்தெடுப்பது தவறான ரகத்தை என்றால் அந்தத் துல்லியம் எதற்கு? புள்ளியியல் முறைகளைச் சீராக்கினால் ஒழுங்கற்ற வயலிலும் ரகத்தைப் பிரித்தறியலாம். பார்லிச் சோதனைகளை நிலையத்துக்கு வெளியே, விவசாயியின் வயலுக்கே கொண்டுபோவதற்கு இந்த வாதம் போதுமானதாக இருந்தது.

இங்கேதான் பலர் நின்றுவிடுவார்கள். இடத்தை மாற்றியாயிற்று, கண்ணை மாற்ற வேண்டுமா? விவசாயியின் வயலில் அறிவியலாளரே போய்த் தேர்ந்தெடுத்தால் ஆகாதா? இதை ஊகமாக விடாமல் சோதனையாகவே செய்து பார்த்தார்கள் என்பதால்தான் இந்தக் கதை எனக்குப் பிடிக்கும். 1990களின் நடுவில் 208 வகைப் பார்லியை இரண்டு ஆராய்ச்சி நிலையங்களிலும் ஒன்பது ஊர்களில் விவசாயிகளின் வயல்களிலும் விதைத்தார்கள். நாட்டு ரகங்களும் நவீன ரகங்களும், நிலைத்துப்போனவையும் இன்னும் பிரிந்துகொண்டிருக்கும் கலப்புகளும் அதில் கலந்திருந்தன. அறிவியலாளரும் விவசாயிகளும் ஒருவர் தேர்வை ஒருவர் பார்க்காமல் தனித்தனியாக மதிப்பிட்டார்கள். பத்து இருபதுக்கு மேல் பாத்திகளைக் காட்டினால் விவசாயி குழம்பிவிடுவார் என்று துறையில் ஒரு நம்பிக்கை இருந்தது. இருநூற்றுச் சொச்சம் பாத்திகளையும் அவர்கள் நடந்து பார்த்தார்கள். பருவத்தில் பலமுறை வந்து குறிப்பெடுத்தார்கள், தங்களுக்கென்று மதிப்பெண் முறையையும் வகுத்துக்கொண்டார்கள்.

அறுத்து எடை போட்ட பிறகு யாருடைய கண் சரியாகப் பார்த்தது என்று ஒப்பிட்டார்கள். தங்கள் வயலில் அதிக விளைச்சல் தந்த வகைகளை இனங்காண்பதில் விவசாயிகள் அறிவியலாளரைவிட ஒரு படி மேலாக இருந்தார்கள். மழை கூடுதலான நிலையத்தில் அறிவியலாளர் முந்தினார். வறண்ட நிலையத்தில் விவசாயிகள் முந்தினார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமான முடிவு வேறு. அறிவியலாளர் எந்த வயலில் தேர்ந்தெடுத்தாலும் அவருடைய தேர்வுகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன. விவசாயிகள் தத்தம் வயலில் தேர்ந்தவை ஊருக்கு ஊர் வேறுபட்டன. அதாவது, ஒருவரே எல்லா இடத்திலும் கழித்தால் பன்மை போய்விடுகிறது; ஒன்பது பேர் கழித்தால் தங்குகிறது. நோய்க்கும் வறட்சிக்கும் எதிரான காப்பீடு அந்தப் பன்மைதான் என்பதால் இது சமூகநீதிப் பேச்சு மட்டுமல்ல, நல்ல பயிர் அறிவியலும்கூட.

என்ன தேர்ந்தார்கள்? வறண்ட ஊர்களில் உயரம். வறட்சியிலும் ஓரளவு நெடுநெடுவென்று வளரும் பயிர் வேண்டும். குட்டையாகிப்போனால் இயந்திரத்தின் வெட்டுக்கத்தி கதிருக்குக் கீழே போகாது, ஆள் வைத்துக் கையால் பறிக்க வேண்டும். கூலி விளைச்சலைத் தின்றுவிடும். பிறகு தாள், அதன் அளவும் மென்மையும். பிறகு கறுப்பு மணி. பசுமைப் புரட்சிக் காலத்து அறிவியல் இதற்கு நேர் எதிராகப் போய்க்கொண்டிருந்ததை நினைவில் வைக்க வேண்டும். 1966இல் வந்த ஐ.ஆர்.8 நெல்லின் பெருமையே அதன் குட்டைத் தண்டுதான். உரத்தைத் தாங்கி நிமிர்ந்து நிற்கும், மணியாகக் கொட்டும். நீர்ப்பாசனம் உள்ள இடத்தில் அது பஞ்சத்தைத் தள்ளிவைத்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் நம் ஊரிலும் மாடு வைத்திருந்தவர்கள் வைக்கோல் குறைந்ததைச் சொல்லிப் புலம்பியது உண்டு. விளைச்சல் என்றால் மூட்டைக் கணக்கு என்று எழுதி வைத்திருந்த பதிவேட்டில் வைக்கோலுக்குக் கட்டம் இல்லை.

ஒரு சோதனையோடு முடிந்திருந்தால் அது இன்னொரு ஆய்வுக் கட்டுரையாகப் போயிருக்கும். சிரியாவில் தொடங்கி ஜோர்டான், எகிப்து, எரித்ரியா, அல்ஜீரியா என்று பரவியபோது அது ஒரு முறையாக உருப்பெற்றது. கலப்பு செய்வது நிலையத்தின் வேலை. பிரிந்துகொண்டிருக்கும் சந்ததிகளை மொத்தமாக ஊர்களுக்கு அனுப்பிவிடுவார்கள். முதல் ஆண்டு ஊருக்கு ஒரு வயலில் நூற்றுக்கு மேற்பட்ட பாத்திகள். பயிர் முற்றும் வேளையில் விவசாயிகள் சுற்றிவந்து பூஜ்யத்திலிருந்து நான்கு வரை மதிப்பெண் போடுவார்கள். பூஜ்யம் என்றால் வேண்டாம், நான்கு என்றால் மிகவும் வேண்டும். எழுதத் தெரியாதவருக்கு ஆராய்ச்சியாளர் கூட நடந்து எழுதிக்கொடுப்பார். அறுவடைக்குப் பின் எடை, உயரம், மணியின் பருமன் எல்லாவற்றையும் புள்ளியியல் முறையில் அலசி, அந்த அட்டவணையை மக்களின் மொழியில் ஊருக்கே திருப்பிக் கொண்டுவருவார்கள். ஊர்க் கூட்டத்தில் தங்கள் மதிப்பெண்ணையும் அட்டவணையையும் அருகருகே வைத்துப் பார்த்து, அடுத்த ஆண்டுக்கு எது போகும், எது நிற்கும் என்று விவசாயிகள் முடிவு செய்வார்கள். மூன்று நான்கு ஆண்டுகளில் தேர்ந்து நிற்கும் ரகத்துக்குப் பெயர் வைப்பதும் அவர்களே.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த அட்டவணை ஊருக்குத் திரும்பிவருவது. எத்தனை ஆய்வுகள் கிராமத்துக்கு வருகின்றன! மண் எடுத்துப் போகிறார்கள், ரத்தம் எடுத்துப் போகிறார்கள், இருபது பக்கக் கேள்வித்தாளை நிரப்பிப் போகிறார்கள். அதற்கு என்ன ஆயிற்று என்று யாரும் வந்து சொல்வதில்லை. அடுத்த முறை கேள்வித்தாளோடு வருபவருக்கு டீ வாங்கிக்கொடுத்துவிட்டு, அவர் கேட்க விரும்பும் பதிலைச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்தத் தரவை வைத்துத்தான் கொள்கை வகுக்கப்படுகிறது.

நேபாளத்தில் இதே காலத்தில் நெல்லில் ஒரு முயற்சி நடந்தது. 1,500 மீட்டருக்கு மேல் உள்ள குளிர்ந்த மலையூர்களுக்கு நிலைய ரகங்கள் ஒத்துவரவில்லை. ஜப்பானிய ஃபுஜி 102 ரகத்தையும் உள்ளூர் சோம்ரோங் நெல்லையும் கலந்து, முற்றுப்பெறாத நிலையிலேயே விதையை அந்த ஊர் விவசாயிகளிடம் கொடுத்துத் தேரச் சொன்னார்கள். மச்சாபுச்ரே-3 என்ற பெயரில் 1996இல் அது அதிகாரபூர்வமாக வெளியானது.

சரி, இதெல்லாம் இவ்வளவு நல்லது என்றால் ஏன் எல்லோரும் இப்படிச் செய்வதில்லை? செலவு ஒரு காரணம். ஒன்பது ஊருக்கு ஜீப் ஓட வேண்டும். அதைவிடப் பெரிய காரணம், ஆராய்ச்சியாளரின் பதவி உயர்வு கட்டுரைகளையும் வெளியிட்ட ரகங்களின் எண்ணிக்கையையும் பார்க்கிறது, ஊர்க் கூட்டங்களை அல்ல. ஒரு பெரிய ரகம் பல லட்சம் ஏக்கரில் பரவினால் விருது கிடைக்கும். பத்து ஊருக்குப் பத்து ரகம் என்றால் அது தோல்விபோலத் தெரியும்.

ஊர் என்பதும் ஒற்றை ஆள் இல்லை. வெளியிலிருந்து ஜீப் வந்தால் எதிர்கொள்வது பெரும்பாலும் நிலமும் நேரமும் உள்ள ஆண்கள். சிரியாவில் இந்தத் திட்டத்துக்குள்ளேயே பெண்களின் இடத்தை ஆராய்ந்த அலெஸாந்த்ரா கலியே, விதைப்பதிலிருந்து சேமிப்பது வரை பாதி வேலையைச் செய்யும் பெண்கள் தொடக்கத்தில் விவசாயிகளாகவே எண்ணப்படவில்லை என்பதைக் காட்டினார். பெண் ஆராய்ச்சியாளர்கள் தனியே சென்று, தனியே அமர்ந்து பேசிய பிறகே அவர்கள் பாத்திகளுக்குள் வந்தார்கள். ‘மக்கள் பங்கேற்பு’ என்று எழுதிய திட்ட அறிக்கையைப் பார்த்தால், எந்த மக்கள் என்று கேட்பது நல்லது.

அடுத்தது உரிமை. மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் நாந்தேட் என்ற கிராமத்து விவசாயி தாதாஜி கோப்ரகடே, 1983இல் தன் சிறிய வயலில் பட்டேல்-3 என்ற நெல்லுக்கு நடுவே வேறுமாதிரி நின்ற சில கதிர்களைக் கவனித்தார். தனியே பறித்து, சில ஆண்டுகள் விதைத்து விதைத்துத் தேர்ந்தார். அன்று எல்லோர் கையிலும் இருந்த கடிகாரத்தின் பெயரில் எச்.எம்.டி. என்று சந்தையில் அது புகழ்பெற்றது. பிறகு ஒரு வேளாண் பல்கலைக்கழகம் அவரிடமிருந்து விதை வாங்கிச் சென்று தூய்மைப்படுத்தி, தன் பெயரை முன்னொட்டாகச் சேர்த்து ரகமாக வெளியிட்டது. அவருக்கு விருதுகள் பின்னால் வந்தன, வறுமை விலகவில்லை. 2018இல் இறந்தார். விவசாயியும் தான் உருவாக்கிய ரகத்தைப் பதிவு செய்யலாம் என்ற சட்டம் இந்தியாவில் 2001இல் வந்தது. அதற்கு முன் அவருடைய உழைப்புக்குச் சட்டத்தில் பெயரே இல்லை. யார் கழித்தார், யார் தேர்ந்தார் என்பதை முதல் நாளே எழுதிவைக்காத கூட்டுறவில் பெயரும் பணமும் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

2008 வாக்கில் செக்கரெல்லி இன்னொரு படி போனார். சுமார் 1,600 பார்லிக் கலப்புகளின் விதையை ஒன்றாகக் கொட்டிக் கலந்து, சிரியா, ஜோர்டான், ஈரான், அல்ஜீரியா போன்ற நாடுகளில் விவசாயிகளுக்குக் கொடுத்தார். தேர்ந்தெடுக்க வேண்டாம், விதையுங்கள், அறுங்கள், அதிலிருந்தே அடுத்த ஆண்டும் விதையுங்கள். அந்த நிலத்துக்கு ஒத்துவரும் செடிகள் அதிக மணி தரும், அடுத்த ஆண்டு அவற்றின் பங்கு கூடும். கழிக்கும் வேலை அறிவியலாளரிடமிருந்தும் விலகி, விவசாயியிடமிருந்தும் பாதி விலகி, மழைக்கும் வெயிலுக்கும் போய்விட்டது. கருத்து புதியதல்ல. அமெரிக்காவில் ஹார்லன் என்பவர் 1920களில் 28 பார்லி ரகங்களை ஒன்றோடொன்று எல்லா விதமாகவும் கலந்து 378 கலப்புகளை ஒரே மூட்டையாக்கினார். அந்த வழியில் கலிஃபோர்னியாவின் டேவிஸில் வேலை செய்த சுனசன், 1956இல் இதற்குப் பரிணாமப் பயிர்ப்பெருக்கம் என்று பெயரிட்டு எழுதினார். சீரான ரகங்கள் மேல் உலகம் மோகம் கொண்டிருந்த காலத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு சிரியாவில் போர் வந்தது. 2012இல் இக்கார்டா தெல் ஹதியாவிலிருந்து வெளியேறத் தொடங்கியது. முன்யோசனையோடு நார்வேயின் ஸ்வால்பார்டு பெட்டகத்துக்கு அனுப்பிவைத்திருந்த விதைகளிலிருந்து 2015இல் சுமார் 38,000 மாதிரிகளைத் திரும்பப் பெற்று, லெபனானிலும் மொராக்கோவிலும் மறுபடி பெருக்கினார்கள். அந்தப் பெட்டகத்திலிருந்து விதை வெளியே எடுக்கப்பட்டது அதுதான் முதல் முறை.

அலெப்போவில் கலந்த கோதுமைக் கலவை ஒன்று அதற்குள் இத்தாலிக்குப் போயிருந்தது. சிசிலியிலும் டஸ்கனியிலும் இயற்கை விவசாயிகள் அதை விதைத்து, அரைத்து, ரொட்டி சுட்டார்கள். சட்டம் இடம்தரவில்லை: விற்பனைக்கு வரும் ரகம் சீராகவும் நிலையாகவும் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி, கலவைக்கு இரண்டும் கிடையாது. தற்காலிக விலக்காக 2014இல் தொடங்கிய சோதனை, 2022 ஜனவரியிலிருந்து இயற்கை வேளாண்மைக்கு மட்டும் நிரந்தர விதியாயிற்று. சீரற்ற விதையையும் விற்கலாம். எந்தெந்த ரகங்களின் கலப்பு, எந்த ஊரில், எந்த முறையில் வளர்த்தது என்று விவரம் கொடுத்தால் போதும். சிசிலியின் கலவையும் டஸ்கனியின் கலவையும் ஒரே மூட்டையில் தொடங்கியவை. இன்று அவை தனித்தனிப் பெயரில், வளர்த்த விவசாயியின் குடும்பப் பெயரோடு பதிவாகியிருக்கின்றன.